கயிற்றில் ஓர் ஆள் இடம்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
4-9-1988

அன்புள்ள மச்சான் தேவதாஸுக்கு இளம்பரிதி எழுதுவது. அம்மா, தங்கை தீபலட்சுமி, நான் எல்லோரும் சுகம். அத்தையின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

நீ அனுப்பிய கேசட் வந்து சேர்ந்தது. உடையாமல் இருக்க ஒரு பனியனில் சுற்றி அனுப்பியிருந்தாய். பனியன் அருமையான பனியன். கேசட்டைப் பற்றி என்ன எழுதுவது? ஏழு நிமிடம் டேப் கீச்சுக்கீச்சென்று ஓடி, நீ கொடுத்தனுப்பிய பழைய கம்ப்யூட்டருக்குள் ஏறி முடித்ததும், டிவியில் ஒரு கனசதுரம் வந்தது. சுற்றியது. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. போன தடவை அனுப்பியது பந்து, அது குதித்தது. அதற்கு முந்தையது இன்னொரு பந்து. பாரீஸில் உட்கார்ந்துகொண்டு உனக்குப் பார்க்க வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா? கீழே உன் கம்ப்யூட்டர் கிளப் நண்பர்களுக்கு வணக்கம் சொல்லி ஒரு வரி ஓடுகிறதே, அதில் என் பெயரையும் போட்டிருக்கிறாய். நன்றி. எடுத்துவிடு.

இத்துடன் என் டெமோ கேசட் வருகிறது. போன மாதம் வீராம்பட்டினத்தில் பார்த்த ஆடித் தேர். பன்னிரண்டு படங்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். முப்பது பேர் வடம் பிடிக்கிறார்கள், கயிறு விறைக்கிறது, தேர் நகர்கிறது. மூன்று வாரம் மில்லில் பதிலி வேலை இல்லாத நாளெல்லாம் உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் போட்டேன். இந்த ஊரில் இதே கம்ப்யூட்டர் வேறு யாரிடமும் கிடையாது. என் படத்தை ஓட்டிப் பார்க்கக்கூடியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அது என் தலையெழுத்து.

வலது ஓரத்தில் கயிற்றின் முன்னால் நிற்பவரைக் கொஞ்சம் கவனி.

அன்புடன்,
இளம்பரிதி


சார்செல், பாரீஸ் அருகில்
2-10-1988

அன்புள்ள இளம்பரிதிக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அத்தையும் தீபலட்சுமியும் நலமாக இருக்க வேண்டும்.

உன் தேரை ஓட்டினேன். மூன்று முறை ஓட்டினேன், ஏனென்றால் முதல் முறை என் டிவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். முதல் படத்தில் எல்லோர் முகமும் மஞ்சள். அடுத்ததில் கத்தரிப்பூ நிறம். அதற்கடுத்ததில் வெளிர்நீலம். உடம்பு ஒரு தடவை சிவப்பு, ஒரு தடவை பச்சை. முப்பது பேரும் ஓணான் கூட்டம் மாதிரி நிறம் மாறிக்கொண்டே தேர் இழுக்கிறார்கள். இரண்டு நிமிடம் பார்த்ததற்கு எனக்குக் கண் எரிந்தது. நிறம் என்பது என்ன என்று உனக்கு யாராவது சொல்லித் தந்திருக்கிறார்களா?

வலது ஓரத்து ஆளைக் கவனிக்கச் சொன்னாய். கவனித்தேன். அவன் இடது கால் மட்டும் எல்லோருக்கும் பிந்தித்தான் வருகிறது. படங்களை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறாய். பிழையைக் கவனிக்கச் சொல்லிக் கடிதம் எழுதிய முதல் ஆள் நீதான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வேறு காலி. முப்பது பேரை வரைந்தவனுக்கு முப்பத்தொன்றாவது ஆளுக்குச் சோம்பல் வந்துவிட்டது போலிருக்கிறது.

என் கனசதுரம் சுற்றத்தான் செய்கிறது. ஆனால் சுற்றும்போது நிறம் மாறுவதில்லை.

அன்புடன்,
தேவதாஸ்


முதலியார்பேட்டை
25-10-1988

அன்புள்ள மச்சானுக்கு,

அனைவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்குத் தைலம் அனுப்ப அம்மா ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.

நிறத்தைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன். தேர் நகரும்போது கூட்டத்தில் நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும், யார் முகம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வெயில், வியர்வை, கற்பூரப் புகை, எல்லாம் சேர்ந்து கண்ணைப் பறிக்கும். எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. அது உனக்குப் புரியாது. ஆறு வயதில் இந்த ஊரை விட்டுப் போனவனுக்கு எப்படிப் புரியும்?

கால் பிழை இல்லை. இடம் சோம்பல் இல்லை. இரண்டும் நான் போட்டபடிதான்.

இன்னொரு முறை ஓட்டிப் பார். அந்த ஆளை மட்டும் பார்.

அன்புடன்,
இளம்பரிதி


சார்செல்
20-11-1988

அன்புள்ள இளம்பரிதிக்கு,

நலம், நலமே இருக்க வேண்டுகிறேன். குளிர் தொடங்கிவிட்டது. அத்தைக்கு ஒரு சால்வை வாங்கி வைத்திருக்கிறேன்.

மார்ச் மாதம் எங்கள் கிளப்பின் வருடாந்திரக் கூட்டம். இருநூறு பேர் வருவார்கள், பெரிய திரையில் டெமோக்களை ஓட்டிப் போட்டி வைப்பார்கள். உன் தேரைக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எரிச்சலாக இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அந்தக் கயிறு விறைக்கிற இடம் நன்றாக இருக்கிறது. எங்கள் கிளப்பில் எவனுக்கும் அது வராது.

ஆனால் இந்தக் கோலத்தில் அதைக் காட்டினால் என் மானம் போய்விடும். அதனால் நானே திருத்தினேன். ஒரு வாரம் ஆயிற்று. எல்லா முகத்தையும் ஒரே நிறமாக்கினேன். அந்த ஆளின் காலைச் சரிசெய்தேன், இப்போது மற்றவர்கள் மாதிரி ஒழுங்காக நடக்கிறான். காலி இடத்தில் ஒருவனை வரைந்து நிறுத்தினேன். வொலா, முடிந்தது! இப்போதுதான் அது ஒரு படம். கேசட்டை அனுப்பியிருக்கிறேன், பார். இருவர் பெயரும் போட்டுவிடலாம். மார்ச் ஒன்றாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும்.

நன்றி சொல்லத் தேவையில்லை. உனக்கு அந்தப் பழக்கமும் கிடையாது.

அன்புடன்,
தேவதாஸ்


(இந்தக் கடிதம் எழுதி மடிக்கப்பட்டது. தபாலில் போடப்படவில்லை.)

முதலியார்பேட்டை
10-12-1988

மச்சான்,

நீ திருத்திய படத்தைப் பார்த்தேன். பார்த்ததும் கேசட்டைச் சுவரில் அடிக்கக் கை ஓங்கினேன். தீபலட்சுமி பிடுங்கிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எங்கள் டிவி கறுப்பு வெள்ளை. உன் கம்ப்யூட்டரில் இருந்து டிவிக்குப் போகிற பிளக்குக்கு இருபத்தொரு கால். அதைச் செருக இங்கே எந்த டிவியிலும் ஓட்டை கிடையாது. மெக்கானிக் கொளஞ்சி டிவியின் முதுகைத் திறந்து, "இந்த மூணு கம்பிலதான் கலர் வருது. மூணையும் ஒண்ணா முறுக்கி உட்டுர்றேன், படம் வரும், கலர கேக்காத" என்றான். படம் வந்தது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எனக்கு ஒரே சாம்பல். கம்ப்யூட்டரோடு அதன் விளக்கப் புத்தகத்தை நீ அனுப்பவில்லை. முகத்துக்கு மூன்றாம் எண்ணைப் போட்டாலும் ஐந்தைப் போட்டாலும் ஆறைப் போட்டாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரிந்தது. ஒரே நிறத்துக்கு மூன்று எண் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கைக்கு வந்ததைத் தட்டினேன். நீ ஓணான் என்று எழுதிய அன்றைக்குத்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. எந்த எண் எந்த நிறம் என்று உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் நீ எப்படிச் சிரிப்பாய் என்று தெரியும். கேட்கவில்லை.

நிறத்தை நீ எப்படியாவது வைத்துக்கொள். ஆனால் அந்த ஆள் என் அப்பா.

நீ மூன்று வருடம் முன்பு வந்தபோது பெரிய மார்க்கெட் வாசலில் வைத்துத்தான் நாம் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டுப் படி ஏற உன் அப்பா உன்னை விடவில்லை. அதனால் என் அப்பா நடந்து நீ பார்த்ததில்லை. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. "ஒரு நொண்டிக்கா என் தங்கச்சிய குடுப்பேன்" என்று உன் அப்பா நின்றார். அம்மா கேட்கவில்லை, அவரையே கட்டிக்கொண்டாள். அன்றோடு போயிற்று பேச்சு. பிறகு உன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தோடு கப்பல் ஏறினார். நம் கடிதங்களைப் பார், நான் மாமாவை விசாரிப்பதில்லை, நீ என் அப்பாவை விசாரிப்பதில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒவ்வொரு ஆடிக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று தேர் இழுத்தவர்கள். அப்பா இன்னும் அதே இடத்தில்தான் பிடிக்கிறார். பக்கத்தில் யாரையும் நிற்க விடமாட்டார். நுழைந்தால் முழங்கையால் இடிப்பார். கேட்டால், "அது ஒரு பொறுக்கிப்பய எடம்" என்பார்.

நீ அந்த இடத்தில் எவனையோ நிறுத்திவிட்டாய். என் அப்பாவின் காலை நேராக்கிவிட்டாய். உன் அப்பா ஆசைப்பட்ட மாப்பிள்ளை மாதிரி அவர் நடக்கிறார்.

இளம்பரிதி


முதலியார்பேட்டை
11-12-1988

அன்புள்ள தேவதாஸுக்கு,

சுகம். திருத்திய கேசட் கிடைத்தது.

ஒரு புள்ளி மாற்றினாலும் அது என் படம் இல்லை. காட்டுவதென்றால் நான் அனுப்பியதைக் காட்டு. இல்லாவிட்டால் எதையும் காட்டாதே. திருத்தியதில் என் பெயரைப் போட்டால் நமக்குள் இனி ஒன்றும் இல்லை.

அத்தையைக் கேட்டதாகச் சொல்.

இளம்பரிதி


சார்செல்
15-1-1989

இளம்பரிதிக்கு,

பொங்கல் வாழ்த்துகள். அம்மா கேஸ் அடுப்பில் பொங்கல் வைத்தாள். உன் வீட்டிலும் நன்றாகப் பொங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை வாசித்தேன். நாலு வரி. ஒரு வாரம் என் வேலையை விட்டுவிட்டு உன் குப்பையைக் கூட்டினேன், நீ நாலு வரி எழுதுகிறாய். கறிவேப்பிலைக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லை. சரி. நீ பெரிய கலைஞன், நான் பந்து உருட்டுகிறவன். ஓணான் கூட்டத்தை இருநூறு பேர் முன்னால் ஓட்டி "இது என் அத்தை மகன் செய்தது" என்று சொல்ல எனக்கு வாய் வராது. திருத்தியதையும் கொடுக்க மாட்டேன். உன் தேர் உன் வீட்டிலேயே ஓடட்டும். பார்க்க நீயும் கொசுவும் இருக்கிறீர்கள்.

காரணம் ஏதாவது இருந்தால் மார்ச் ஒன்றுக்குள் எழுது. இல்லையென்றால் விட்டுவிடு.

தேவதாஸ்


முதலியார்பேட்டை
8-2-1989

அன்புள்ள தேவதாஸ் அத்தானுக்கு,

தீபலட்சுமி வணக்கம். நாங்கள் சௌக்கியம், நீங்களும் அத்தையும் சௌக்கியமா? உங்களுக்கு நான் தனியாக எழுதுவது இதுதான் முதல் தடவை. அண்ணனுக்குத் தெரியாது.

உங்கள் இருவரின் கடிதங்களையும் நான் ஒன்று விடாமல் படித்துவருகிறேன். அண்ணன் ஒளித்து வைக்கும் இடம் எனக்குத் தெரியும். இருபத்தைந்து வயதுக் கழுதைகள் இரண்டு, ஒன்றை ஒன்று உதைத்துக்கொள்வதற்குக் கடல் தாண்டித் தபால் தலை ஒட்டுகின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கு வேறு சொல் அகப்படவில்லை.

பொங்கலுக்கு நீங்கள் எழுதியதற்கு அண்ணன் பதில் எழுதவில்லை, எழுதவும் மாட்டான். அந்தக் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிவிட்டான். நேற்று அப்பா வந்து, "ஏன்டா, தேரு ஓடலயா? நான் இழுக்கறத ஒரு வாட்டி போட்டுக் காட்டேன்" என்று கேட்டார். மாலையில் மில்லிலிருந்து வந்ததும் தினமும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அண்ணன் வெளியே போய்விட்டான்.

டிசம்பரில் அவன் உங்களுக்கு எழுதி மடித்து, போடாமல் வைத்துவிட்ட கடிதம் ஒன்று டிராயரில் இருந்தது. எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். இதற்காக அவன் என்னை அடிப்பான். பரவாயில்லை.

இப்படிக்கு,
தீபலட்சுமி

சால்வையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்கு இங்கே சால்வை எதற்கு? வேர்க்கிறது.


சார்செல்
20-3-1989

என் அன்புள்ள இளம்பரிதிக்கு,

நீ எழுதி அனுப்பாத கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது. தீபலட்சுமியை அடிக்காதே. அடித்தால் நான் வந்து உன்னை அடிப்பேன்.

மாமா எப்படி இருக்கிறார்? உன் அப்பாவைத்தான் கேட்கிறேன். இந்த வரியை எழுதவே எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அந்தக் காலைத் திருத்தினேன் என்று பெருமையாக எழுதினேன் பார், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பிழை பிழை என்று குதித்தவன் நான். புத்தகத்தை அனுப்பாதவனும் நான்தான். அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

என்னிடம் இருந்த திருத்திய பிரதியை அழித்துவிட்டேன். ஒரு பிளக்கைப் பிரித்து உன் கொளஞ்சி செய்த மாதிரியே மூன்று கம்பியையும் முறுக்கினேன். ஒரு பழைய டிவி புகைந்தது. இரண்டாவதில் படம் வந்தது. உன் தேரை அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஓணான்கள் போய்விட்டன. மனிதர்கள் இருந்தார்கள். அவர் காலை இழுத்து வைத்த பிறகுதான் கயிறு விறைக்கிறது. மொத்தத் தேரும் அந்த ஒரு காலுக்காகக் காத்திருக்கிறது. அதை நான் நேராக்கியிருந்தேன்.

கிளப்பில் அதை அப்படியே சாம்பல் நிறத்தில் காட்டினேன், உன் ஒருவன் பெயரில். "கலர் போச்சு, கலர் போச்சு" என்று கத்தினார்கள். பதினொரு டெமோவில் உனக்கு ஏழாம் இடம். முதல் பரிசு ஒரு கனசதுரத்துக்கு. என்னுடையது கூட இல்லை, அதைவிட மட்டமான ஒன்று, ஒரு மூலை உடைந்து சுற்றுகிறது. இருநூறு முட்டாள்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவர்களை நான் இனி மதிப்பதாக இல்லை.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்தில் தேரை ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா பேப்பரோடு வந்தார். நான் இதில் உட்கார்ந்தாலே "பொம்மைக்கு சட்ட தைக்கிறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர். அன்றைக்கும் அப்படித்தான் போனார். வாசற்படியில் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"யாரு போட்டது இத?"

"அத்தை மகன்."

ஆறு ஏழு முறை ஓடியது. பேப்பர் கீழே விழுந்ததைக் கவனிக்கவில்லை. பிறகு விரலைத் திரையில் வைத்தார், வலது ஓரத்தில்.

"ராஜாங்கம்."

உன் அப்பாவின் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். விரல் மெல்ல நகர்ந்து காலி இடத்துக்கு வந்தது. அங்கேயே இருந்தது.

"எடம் உட்டு வெச்சிருக்கான் பாரு. திமிரு புடிச்ச நொண்டி."

மூக்கைச் சிந்திக்கொண்டார். நான் நிறுத்தப் போனேன், "கைய எடுறா" என்று கத்தினார். சாப்பாடு ஆறிப்போகும் வரை அது ஓடிக்கொண்டிருந்தது.

அன்புடன்,
தேவதாஸ்

ஒன்பதாவது படத்தில் தேர்ச் சக்கரத்துக்கு ஒரு ஆரக்கால் குறைகிறது. அது கட்டாயம் சோம்பல்தான்.


முதலியார்பேட்டை
9-4-1989

அன்புள்ள மச்சான் தேவதாஸுக்கு,

நாங்கள் அனைவரும் சுகம், அப்பாவும் சேர்த்து. அத்தையும் மாமாவும் சுகமா?

தீபலட்சுமியை அடிக்கவில்லை. மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அவள் அதைக் கவனிக்கவே இல்லை. ஆரக்கால் குறைவது உண்மைதான். சரிசெய்துவிட்டேன். ஏழாம் இடத்தைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. கனசதுரத்துக்குக் கை தட்டுகிறவர்கள் என் தேருக்கும் தட்டியிருந்தால்தான் யோசித்திருப்பேன். புத்தகத்தை அனுப்பு. பனியனில் சுற்று.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மாமா அவர் பெயரைச் சொன்ன இடம் வந்ததும் கை நின்றது. அம்மா கேட்டுவிட்டு உள்ளே போனாள். நொண்டி என்ற இடத்தை விட்டுவிட்டுப் படிக்கலாமா என்று யோசித்தேன். தீபலட்சுமி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து உரக்கப் படித்துவிட்டாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனுக்குன்னு எடம் உட்டேன்னு யாரு சொன்னா? வேர்வைக்கு காத்து வரட்டும்னு உட்டேன். கயித்த போட்டுட்டு கப்பல் ஏறுன பய, என்ன திமிருங்கறான். எழுது அவனுக்கு, அப்டியே எழுது" என்றார். அப்படியே எழுதிவிட்டேன்.

கடிதத்தை ஒட்டப் போகும்போது கூப்பிட்டார். சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பட்டாளத்து சோறு தின்னு அவன் பெருத்துட்டானா என்னன்னு கேட்டு எழுது. ஆடிக்கு ஒரு ஆள் எடம் போதுமா, ரெண்டு ஆள் எடம் உடணுமா?"

பதில் போடு.

அன்புடன்,
இளம்பரிதி